நூறு கிண்ணத்தோடு கடையைச் சாத்துவது: கியோட்டோ உணவகம் ஒன்றின் கணக்கு

ஜப்பானின் கியோட்டோ நகரில், மையப் பகுதிக்கு மேற்கே சாயின் என்றொரு இடம் இருக்கிறது. வீடுகளும் சின்னக் கடைகளும் நிறைந்த பகுதி. கோயில் பார்க்க வரும் கூட்டம் இங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. 2012 நவம்பர் 29-ஆம் தேதி அகெமி நகமுரா தன் கணவரோடு சேர்ந்து இங்கே ஒரு உணவகம் திறந்தார். அதன் பெயர் ஹியாகுஷோகுயா, அதாவது நூறு சாப்பாட்டுக் கடை. ஒரு நாளைக்கு நூறு சாப்பாடுதான் விற்பார்கள். நூறு முடிந்ததும் அன்றைய வியாபாரம் முடிந்தது. இரவு வியாபாரமே கிடையாது. கடைசி ஊழியரும் மாலை 5.45-க்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

கடை திறப்பதற்கு முன் இந்தத் திட்டத்தை ஒரு தொழில் திட்டப் போட்டிக்குக் கொண்டுபோனார் நகமுரா. நடுவர்கள் இது தேறாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்குள் கடை நான்கானது; ஜப்பானின் முக்கியமான பெண்கள் வணிக இதழ் ஒன்று 2019-க்கான சிறந்த பெண் விருதின் முதல் பரிசை அவருக்குக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் அந்த நான்கில் இரண்டை அவரே மூடினார்.

இந்தக் கதையை நல்ல மனம் கொண்ட முதலாளியின் கதையாகச் சொல்பவர்கள் அதிகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இதன் கணக்கு. பெரும்பாலான சிறு தொழில்களில் அளவை யாரும் தீர்மானிப்பதில்லை. ஓடினால் பெரிதாகிறது, ஓடாவிட்டால் சிறிதாகவே நிற்கிறது. இங்கே அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, விலை, இடம், ஆள், நேரம், சமையல் எல்லாவற்றையும் அதற்கேற்றபடி வெட்டித் தைத்தார்கள். எங்கே சரியாகப் பொருந்தியது, எங்கே இறுக்கிப் பிடித்தது என்பதையும் எண்களை வைத்தே பார்க்க முடிகிறது.

கடையும் கிண்ணமும்

முதல் கடையின் பரப்பு சுமார் 350 சதுர அடி. இருக்கைகள் 14. கடையின் பெயரைத் தூக்கி நிறுத்தியது மாட்டிறைச்சி ஸ்டேக் சோறு. கிண்ணத்தில் சூடான சோறு, அதன்மேல் உள்ளே சிவப்பு மாறாமல் வாட்டி மெல்லிசாக நறுக்கிய ஜப்பானிய மாட்டிறைச்சி, அதற்கு மேல் சாறு. நகமுராவின் கணவர் வீட்டில் செய்துகொண்டிருந்த சாப்பாடுதான் இது. அப்போதைய விலை வரி நீங்கலாக 1,000 யென். 2019-இன் மதிப்பில் ஏறத்தாழ 650 ரூபாய். இதோடு சேர்த்து மொத்தம் மூன்றே வகைகள். எல்லாமே அதே இறைச்சியிலிருந்து வருபவை.

மூன்று வகை என்றதும் சோம்பேறித்தனம் என்று நினைக்கத் தோன்றும். கொள்முதலை வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு. ஸ்டேக்குக்கு ஒத்துவராத துண்டுகள் அரைக்கப்பட்டு ஹம்பர்க் (அரைத்த இறைச்சியைத் தட்டிச் சுடுவது) வகைக்குப் போகின்றன. ஆக, வாங்கிய இறைச்சியில் வீணாவது மிகக் குறைவு. நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பது இன்றைக்கே தெரியும், ஏனென்றால் என்றைக்கும் நூறுதான். கடையில் உறைபெட்டி கிடையாது. மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று சரக்கைப் போட்டுவைக்க இடமே இல்லாதபோது அளவாக வாங்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அடுக்கி வைத்த சரக்கு ஒவ்வொன்றும் முடங்கிக் கிடக்கும் பணம்; அதைக் காக்க மின்சாரக் கட்டணம் வேறு.

இனி இருக்கை. 14 பேர் உட்காரும் இடத்தில் நூறு பேர் சாப்பிட வேண்டுமானால் ஏறத்தாழ ஏழு பந்தி ஓட வேண்டும். காலை 11 மணிக்குத் திறந்து மூன்றரை மணி நேரத்தில் ஏழு பந்தி என்றால் ஒரு பந்திக்கு அரை மணி நேரம். ஒருவர் உட்கார்ந்து, சாப்பாடு வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்து எழுந்திருக்க அந்த அரை மணி போதும், ஆனால் துளியும் மிச்சமில்லை. ஆக, நூறு என்பது அழகுக்காகத் தேர்ந்தெடுத்த முழு எண்ணாக இருந்தாலும், அந்தக் கட்டடத்தால் ஒரு மதியத்தில் தாங்க முடிகிற உச்சமும் அதுதான். இன்னும் ஐம்பது விற்க வேண்டுமானால் இடத்தையோ நேரத்தையோ கூட்டியாக வேண்டும். இரண்டுமே செலவு.

பந்தி இந்த வேகத்தில் ஓடுவதற்கு ஒரு டோக்கன் முறையும் இருந்தது. காலை 9.30-லிருந்து நேரம் குறித்த டோக்கன் கொடுத்தார்கள். வாங்கியவர் வேறு வேலை பார்த்துவிட்டு அந்த நேரத்துக்கு வந்தால் போதும். வாடிக்கையாளருக்கு வெயிலில் நிற்கும் அவதி இல்லை. கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய லாபம்: அடுப்புப் பற்றவைக்கும்போதே இன்றைக்கு எத்தனை பேர், எந்தெந்த நேரத்துக்கு என்பது கையில் இருக்கிறது.

எண்பது சதவீதம் போய்விட்ட பிறகு

உணவகத் தொழிலில் ஜப்பானியர்கள் வைத்திருக்கும் ஒரு பொது அளவுகோல் உண்டு. பொருள் செலவும் ஆள் செலவும் சேர்ந்து விற்பனையில் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மீதி 40-இல்தான் வாடகை, விளம்பரம், மின்சாரம், கடன் தவணை, கடைசியாக லாபம்.

ஹியாகுஷோகுயாவில் பொருளுக்கு மட்டுமே ஏறத்தாழ 50 சதவீதம், ஆளுக்கு 30. இரண்டும் சேர்ந்து 80. வங்கி அதிகாரி யாரிடம் காட்டினாலும் முகம் சுளிக்கும் கணக்கு. நூறு சாப்பாடு, கிண்ணம் 1,000 யென் என்றால் ஒரு நாள் கல்லாவில் விழுவது ஒரு லட்சம் யென். அதில் 50,000 இறைச்சிக்கும் அரிசிக்கும், 30,000 சம்பளத்துக்கும் போகிறது. மீதி 20,000. மாதம் 25 நாள் என்று வைத்தால் ஐந்து லட்சம் யென். இதற்குள்தான் மற்ற எல்லாம்.

அந்த 20,000-இல் அவர்கள் வாழ்ந்ததற்குக் காரணம், மற்ற கடைகளுக்கு இருக்கும் பல செலவுகள் இவர்களுக்கு இல்லாததுதான். விளம்பரத்துக்கு ஒரு யென்கூடச் செலவில்லை. முதன்மைச் சாலை இல்லை, அதனால் வாடகை குறைவு. இரவு இல்லை, அதனால் மதுவகை அடுக்க வேண்டாம், இரண்டாவது ஷிஃப்ட் வேண்டாம். மிச்சம் இல்லை, அதனால் குப்பைக்குப் போகும் பணமும் இல்லை. மற்றவர்கள் விளம்பரத்துக்கும் வாடகைக்கும் கொடுப்பதை இவர்கள் கிண்ணத்தில் போட்டார்கள். 1,000 யெனுக்கு 500 யென் மதிப்புள்ள பொருள் கிடைக்கிறது என்பது சாப்பிடுகிறவருக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அவர் இன்னொருவரிடம் சொல்வார். விளம்பரச் செலவு பொருள் செலவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இது உடனே நடந்துவிடவில்லை. தொடக்கத்தில் நாளொன்றுக்கு நூறு எட்டாமல் கடை தள்ளாடியது. சாப்பிட்டுப் போன ஒருவர் இணையத்தில் எழுதிய பதிவு பரவியபிறகுதான் கூட்டம் பிடித்து, சில மாதங்களில் நூறைத் தொட்டது. உச்சவரம்பு வைக்கும் கடைக்கு இந்த இடைக்காலம்தான் கண்டம். அதைத் தாண்டக் கையில் சேமிப்பு வேண்டும்.

நூற்றியோராவது கிண்ணம்

வாசலில் ஆள் நிற்கிறார், உள்ளே அடுப்பு எரிகிறது, இன்னும் ஐம்பது விற்றால் என்ன? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இரவுக்கடை போட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, கடையின் பேரேட்டிலிருந்து எடுத்தவை அல்ல.

ஐம்பது கிண்ணத்துக்குப் பொருள் செலவு போக ஒவ்வொன்றிலும் 500 நிற்கும். மொத்தம் 25,000 யென். கேட்க நன்றாக இருக்கிறது. இரவுக்கு மூன்று பேர், ஐந்து மணி நேரம். கியோட்டோவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2019 அக்டோபரில் மணிக்கு 909 யென். இரவு வேலைக்கு ஆள் கிடைக்க 1,000 என்று வைப்போம். 15,000 போயிற்று. மிச்சம் 10,000. அப்புறம் விளக்கு, எரிவாயு, ஏசி. ஒரு 2,000 போடுங்கள். 8,000 நிற்கிறது.

ஆனால் இரவு வியாபாரம் மதியம்போல் சீராக வராது. மழை பெய்தால் ஐம்பதுக்கு முப்பதுதான் வரும். தயாரித்த ஐம்பதில் இருபது மிஞ்சினால், முப்பது விற்ற வரவு 30,000, பொருளுக்குக் கொடுத்தது 25,000, ஆளுக்கும் விளக்குக்கும் 17,000. அன்றைக்கு 12,000 யென் கைநஷ்டம். ஒரு மழை நாளின் நஷ்டத்தை ஈடுகட்ட ஒன்றரை நல்ல நாள் வேண்டும். மிஞ்சியதை நாளைக்கு வைக்கலாம் என்றால் உறைபெட்டி வேண்டும். அதை வாங்கிவிட்டால் மதியக் கிண்ணத்தின் தரமும் மெல்ல இறங்கும். இரவிலும் கிடைக்கும் என்று தெரிந்ததும் மதியக் கூட்டத்தில் கொஞ்சம் இரவுக்கு நகரும். அப்போது நாம் புதிதாகச் சம்பாதித்தது ஐம்பது கிண்ணமாக இராது. இருபதோ முப்பதோதான்.

விற்பனை 50 சதவீதம் உயர்கிறது. முதலாளி காலையிலிருந்து இரவு பத்து வரை கடையில் நிற்கிறார். கைக்கு வருவது நல்ல நாளில் எட்டாயிரம், கெட்ட நாளில் நஷ்டம். மொத்த விற்பனையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது வளர்ச்சி. கூடுதலாக விற்ற கடைசி ஐம்பது கிண்ணத்துக்குத் தனியாக ஒரு தாளில் வரவு செலவு எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தத் தாளை எழுதாமலேயே இரண்டாவது ஷிஃப்ட், இரண்டாவது கிளை என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம். சராசரி லாபம் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஐம்பதிலும் அதே லாபம் வரும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆட்கள்

ஊழியர்கள் விஷயத்தில் இந்த வரம்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் 30 சதவீத ஆள் செலவு பலன் தருகிற இடம் இது.

வழக்கமான உணவகத்தில் கூட்டம் அதிகமான நாள் ஊழியருக்குக் கெட்ட நாள். வேலை இரட்டிப்பு, சம்பளம் அதேதான். அதனால் முதலாளி கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது ஊழியர் பெருமூச்சு விடுகிறார். நூறோடு முடியும் கடையில் கூட்டம் சீக்கிரம் வந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. இருவர் விருப்பமும் ஒரே பக்கம் சாய்கிறது. இன்னொரு தட்டு வேண்டுமா, பானம் வேண்டுமா என்று யாரும் வாடிக்கையாளரை நச்சரிக்க வேண்டியதில்லை. அதனால் பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவர்களைத் தேடிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்று வகைச் சாப்பாடு என்பதால் வேலையைக் கற்றுக்கொள்வதும் எளிது. முதியவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள் என்று மற்ற கடைகள் தயங்கும் ஆட்களை நகமுரா எடுத்தார். அவரவர் வீட்டு நிலைமைக்கு ஏற்றபடி வேலை நேரத்தையும் அமைத்துக்கொடுத்தார்.

இதை இரக்கம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். உணவகத் தொழிலில் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு, ஆள் நின்றுபோவது. ஒருவர் போனால் புதியவரைத் தேட வேண்டும், பழக்க வேண்டும், அதுவரை மற்றவர்களுக்கு ஓவர்டைம். மாலையில் குடும்பத்தோடு சாப்பிட முடிகிற உணவக வேலை அபூர்வம். ஹியாகுஷோகுயா ஊழியர்களுக்குக் கொடுத்த மிகப் பெரிய சலுகை அந்த மாலைப் பொழுதுதான். நகமுரா கடையைத் திட்டமிட்டபோதே, தான் தன் குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்திருந்தார். முதலாளி தனக்கு வேண்டியதை முதலில் எழுதிவைத்ததால்தான் அது எல்லோருக்கும் கிடைத்தது.

2018-இல் தெரிந்த அடித்தளம்

முதல் கடை நிலைத்த பிறகு, சுகியாகி (மெல்லிய மாட்டிறைச்சியை இனிப்புச் சாற்றில் வேகவைப்பது) பரிமாறும் கடை ஒன்றும் இறைச்சிச் சுஷி பரிமாறும் கடை ஒன்றும் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அதே நூறு. ஆனால் இந்த இரண்டும் நகரின் மையப் பகுதியில், சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடத்தில் வந்தன. அந்த ஆண்டுகளில் கியோட்டோவுக்கு வெளிநாட்டவர் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள், அதனால் முடிவில் தப்பில்லை என்றே தோன்றியிருக்கும்.

2018-இல் அடி மேல் அடி விழுந்தது. ஜூன் 18-ஆம் தேதி ஒசாகாவின் வடக்கே நிலநடுக்கம். ஜூலைத் தொடக்கத்தில் மேற்கு ஜப்பான் முழுக்க வெள்ளம். செப்டம்பர் 4-ஆம் தேதி ஜெபி புயல், கான்சாய் விமான நிலையத்தையே தண்ணீரில் மூழ்கடித்தது. பயணிகள் வரத்து சட்டென்று அறுந்தது. நூறு விற்கும் என்று கட்டப்பட்ட கடைகளில் நூறு விற்கவில்லை.

இங்கேதான் மேலே சொன்ன 80 சதவீதத்தின் மறுபக்கம் தெரிகிறது. கிண்ணத்துக்கு 500 யென் நிற்கிறது என்றால், 30,000 யென் சம்பளத்தை எடுக்கவே அறுபது கிண்ணம் விற்றாக வேண்டும். வாடகை, மின்சாரம் மற்றதெல்லாம் சேர்த்து நாளுக்கு 12,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், வரவும் செலவும் சமமாகும் இடம் 84. நூறுதான் உச்சம், 84-க்குக் கீழே போனால் நஷ்டம். இடையில் இருப்பது பதினாறே கிண்ணம். வழக்கமான கடைக்கு நல்ல காலத்தில் 130, 140 என்று விற்றுக் கெட்ட காலத்துக்குச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. வரம்பு வைத்த கடைக்கு அந்த வழி அடைபட்டது. மேலே போக முடியாது, கீழே மட்டும் போகலாம். அதனால் வரம்பு வைக்கிறவர் தன் அடித்தளத்தை, அதாவது வரவும் செலவும் சமமாகும் எண்ணிக்கையை, மற்றவர்களைவிடத் தாழ்வாக வைத்திருக்க வேண்டும். முதல் மாதிரியில் அந்தப் பாதிதான் குறையாக இருந்தது.

அந்த ஆண்டின் அனுபவத்திலிருந்துதான் நகமுரா அடுத்த மாதிரியை வகுத்தார். 2019-இல் திறந்த நான்காவது கடைக்கு ஹியாகுஷோகுயா அரை என்று பெயர். ஒரு நாளைக்கு ஐம்பது சாப்பாடு, இரண்டே பேர். கணவன் மனைவியோ, நண்பர்கள் இருவரோ நடத்துவதற்கு ஏற்றபடி வகுத்த கடை. இதை நல்லபடியாக நிறுத்திக் காட்டி, மற்றவர்களும் எடுத்து நடத்தக் கொடுப்பது அவருடைய திட்டம்.

மேலோட்டமாகப் பார்த்தால் பாதி விற்பனை, பாதி லாபம். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. மறுபடியும் என் எண்கள்தான்: ஐம்பது கிண்ணத்தில் 25,000 நிற்கும். வாடகையும் மற்றதும் நாளுக்கு 6,000 என்றால் 19,000. மாதம் 25 நாளுக்கு 4,75,000. ஆண்டுக்கு 57 லட்சம் யென், இரண்டு பேருக்கு. அதே 2019-இல் ஜப்பானில் சம்பளம் வாங்கும் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம், தேசிய வரித்துறைக் கணக்குப்படி, 43.6 லட்சம் யென். ஆக, இருவரும் பணக்காரர்களாகப் போவதில்லை. ஆனால் மாலையிலேயே வேலை முடிகிற ஒரு தம்பதிக்கு இது மோசமான வருமானமும் இல்லை.

அடித்தளத்தைப் பாருங்கள். சம்பளம் கொடுக்க வேண்டிய வெளியாள் இல்லாததால், கடை கைநஷ்டம் இல்லாமல் நிற்க நாளுக்கு 12 கிண்ணம் போதும். 35 விற்றால்கூட மாதம் 2,87,500 யென் வீட்டுக்கு வரும். முந்தைய மாதிரியில் விற்பனை 30 சதவீதம் சரிந்தால் கடை நஷ்டத்துக்குப் போகும். இந்த மாதிரியில் குடும்பம் சில மாதம் சிக்கனமாக இருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த 12 என்ற எண்ணில் இரண்டு பேரின் உழைப்புக்குக் கூலி பூஜ்யம். குடும்பக் கடைகள் பலவும் லாபம் என்று எண்ணிக்கொள்வது உண்மையில் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளாத சம்பளம். இருவருக்கும் வெளியில் எவ்வளவு கூலி கிடைக்கும் என்று எழுதி, அதையும் செலவில் சேர்த்து ஒருமுறை பார்த்தாக வேண்டும். மேற்படி எண்களில் இருவருக்கும் மணிக்கு 1,000 வீதம் ஏழு மணி நேரம் போட்டால் 14,000. அப்போதும் 50 கிண்ணத்தில் நாளுக்கு 5,000 நிற்கிறது. சமமாகும் இடம் 40. சரி, இது தேறும்.

அதே ஸ்டேக், எதிர்த் திசை

கிண்ணத்தில் பொருளை அள்ளிக்கொடுத்து ஆளை இழுக்கும் உத்தி ஹியாகுஷோகுயாவுக்கு மட்டும் உரியதன்று. இக்கினாரி ஸ்டேக் என்ற உணவகத் தொடர் 2013 டிசம்பரில் டோக்கியோவின் கின்சாவில் முதல் கடையைத் திறந்தது. நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருந்தது, கிராம் கணக்கில் ஸ்டேக் வெட்டிக்கொடுத்தார்கள். அங்கும் பொருள் செலவு வழக்கத்தைவிட மிக அதிகம். அதை ஈடுகட்டியது பந்தியின் வேகம். ஒரே இடத்தில் பல மடங்கு ஆள் வந்துபோனால் கட்டுப்படியாகும்.

2018-இல் மட்டும் 200 கடைகள் திறப்பது என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அதை நடத்தும் பெப்பர் ஃபுட் சர்வீஸ் நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் பட்டியலாயின. 2019 இறுதியில் கடைகள் 490-ஐ ஒட்டி வந்தன. ஆனால் புதிய கடைகள் பழைய கடைகளின் வாடிக்கையாளர்களையே பங்குபோட்டுக்கொண்டன. பந்தி வேகத்தில் பிழைத்த மாதிரியில் பந்தி குறைந்தால் அதிகப் பொருள் செலவு உடனே கழுத்தைப் பிடிக்கும். 2019 நவம்பரில் 44 கடைகளை மூடுவதாக அறிவிப்பு. டிசம்பரில், தயவுசெய்து சாப்பிட வாருங்கள் என்ற பொருளில் தலைவரின் வேண்டுகோள் கடைகளின் வாசலில் ஒட்டப்பட்டது. அந்த ஆண்டு நஷ்டத்தில் முடிந்தது. இதெல்லாம் கொரோனாவுக்கு முன்பே.

இரண்டு நிறுவனங்களும் ஒரே விதியின் கீழ்தான் ஓடின: பொருள் செலவு பாதியளவு என்றால் இருக்கை காலியாக இருக்கக் கூடாது. ஒன்று இருக்கையைக் குறைத்து அந்த விதியைக் காப்பாற்றியது. மற்றொன்று இருக்கையைக் கூட்டிக்கொண்டே போய் அதை மீறியது. பெரிதாகப் போவது எப்போதும் தவறு என்று இதிலிருந்து நான் சொல்ல வரவில்லை. பொருள் செலவு 30 சதவீதமாக இருக்கும் தொழிலுக்குக் காலி இருக்கைகளைத் தாங்கும் சக்தி இருக்கும். 50-இல் ஓடும் தொழிலுக்கு அது கிடையாது.

2020

ஏப்ரலில் ஜப்பான் நெருக்கடி நிலை அறிவித்தது. மையப் பகுதியில் இருந்த சுகியாகிக் கடையையும் சுஷிக் கடையையும் நகமுரா அந்த மாதமே மூடினார். ஊழியர்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஆட்களுக்காகவே வடிவமைத்த ஒரு நிறுவனத்துக்கு இதைவிடக் கசப்பான முடிவு இருக்க முடியாது. சாயின் கடையும் அரைக் கடையும் பார்சல் வியாபாரத்துக்கு மாறி நின்றன.

நின்ற கடைகளும் மூடிய கடைகளும் எங்கெங்கே இருந்தன என்று பார்த்தால் கணக்கு தெளிவாகிறது. அக்கம்பக்கத்தவரை நம்பியவை நின்றன, பயணிகளை நம்பியவை போயின. எல்லாவற்றிலும் நாளுக்கு ஒரு வரம்பு இருந்தது. வேறுபட்டது, யார் சாப்பிட வருகிறார் என்பதும், வராவிட்டாலும் கட்டியாக வேண்டிய மாதச் செலவு எவ்வளவு என்பதும்தான். நகமுரா அவற்றை ஆறு மாதம் தள்ளாமல் முதல் மாதத்திலேயே மூடியதை நான் இந்த நிகழ்வின் மிகத் திறமையான முடிவு என்பேன். அடித்தளம் எங்கே என்று 2018-இலேயே பார்த்திருந்ததால், அதற்குக் கீழே எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் கடைக்குப் போட்டுப் பார்த்தால்

வாசகர் ஒருவர் டிஃபன் கடையோ தையல் கூடமோ பேக்கரியோ வைத்திருந்தால் இதிலிருந்து நூறு என்ற எண்ணை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எண்ணை வரவழைத்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்க வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். ஒரு உருப்படிக்குப் பொருள் செலவு போக எவ்வளவு நிற்கிறது, ஒன்றுமே விற்காவிட்டாலும் மாதம் எவ்வளவு போகும் என்பதை அடுத்து. இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை விற்றால் வீடு நடக்கும், எத்தனைக்குக் கீழே போனால் கடை நஷ்டம் என்பது ஐந்து நிமிட வேலை. அதற்கப்புறம்தான் கடினமான கேள்வி: இந்த இடத்தில், இத்தனை கைகளால், அந்த நேரத்துக்குள் அத்தனை செய்ய முடியுமா? முடியாவிட்டால் விலையைத் தொட வேண்டும், அல்லது வாடகையை. தூக்கத்தைத் தொட்டுச் சமாளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அது எந்தத் தாளிலும் செலவாக எழுதப்படுவதில்லை, அதனால் லாபம்போல் தெரிகிறது.

வரம்பு எல்லாத் தொழிலுக்கும் ஒத்துவராது. தேவை வரம்பைவிட அதிகமாக இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். நாளுக்கு அறுபது பேர் வரும் கடையில் நூறு என்று பலகை மாட்டுவதில் பயனில்லை. மளிகைபோல் நாலு கடையில் கிடைக்கும் பொருளை விற்பவர் வரம்பு வைத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார், மறுநாள் திரும்பமாட்டார். இயந்திரத்தில் பெரிய முதல் போட்டவருக்கும் இது சரிப்படாது. கடனுக்கு வாங்கிய இயந்திரம் அரை நாள் சும்மா நின்றால் வட்டி மட்டும் முழு நாளும் ஓடும்.

இன்னொரு கண்டம் மெதுவாக வருவது. எண்ணிக்கையைப் பூட்டிவிட்டால் செலவு ஏறும்போது திறக்க மிச்சமிருக்கும் கதவு விலை ஒன்றுதான். கியோட்டோவின் குறைந்தபட்சக் கூலி 2019-இல் 909 யென், 2024 அக்டோபரில் 1,058. பதினாறு சதவீதத்துக்கு மேல் ஏற்றம். நாளுக்கு 30,000 யென் சம்பளம் கொடுக்கும் நூறு கிண்ணக் கடைக்கு இது கிட்டத்தட்ட 4,900 யென் கூடுதல் செலவு. கிண்ணத்துக்கு 49 யென். மற்ற கடை இதை இன்னும் பத்துப் பேருக்கு விற்று ஈடுகட்டப் பார்க்கும். வரம்பு வைத்த கடை 1,000-ஐ 1,050 ஆக்கியாக வேண்டும், அதுவும் இறைச்சியும் அரிசியும் ஏறாமல் இருந்தால். இவ்வளவு விற்பேன் என்று பலகை எழுதும் அன்றைக்கே, எந்தச் செலவு எவ்வளவு ஏறினால் விலையை எவ்வளவு ஏற்றுவேன் என்பதையும் கணக்கு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை புதிய கூலி அறிவிப்பு வரும் மாதத்தில் அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.